கடலைத் தோல் கரியை வைத்துக் காரீயம் தேடிய கதை

தண்ணீரில் கரைந்திருக்கும் காரீயத்தையும் காட்மியத்தையும் செயலூட்டிய கரி, அதாவது ஆக்டிவேட்டட் கார்பன், பிடித்து வைத்துக்கொள்ளும் என்பது பழைய செய்தி. அந்தக் கரியையே ஒரு மின்முனையில் சேர்த்துவிட்டால், பிடித்தது எவ்வளவு என்று அளந்தும் பார்க்கலாமே என்று தோன்றியது. அப்படித் தொடங்கிய வேலை நான்கு மாதம் இழுத்துவிட்டது. இப்போது காரீயத்தை ஓரளவு நம்பி அளக்கும் ஒரு மின்முனை கையில் இருக்கிறது. காட்மியத்துக்கு அது போதாது. ஏன் போதவில்லை என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் எவ்வளவு சிறிய பொருளைத் தேடுகிறோம் என்று பார்த்துவிடலாம். குடிநீரில் காரீயத்துக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வழிகாட்டு அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம், காட்மியத்துக்கு 3. நான் பயன்படுத்தும் கண்ணாடிக் குப்பியில் 20 மில்லிலிட்டர்தான் கொள்ளும். லிட்டருக்கு 10 மைக்ரோகிராம் என்ற கணக்கில் அந்தக் குப்பிக்குள் இருக்கும் காரீயம் மொத்தமே 200 நானோகிராம். எந்தத் தராசிலும் இதை நிறுக்க முடியாது. அதனால் முதலில் திரட்டிச் சேர்த்து, பிறகுதான் அளக்க வேண்டும்.

இதற்கென்றே ஒரு முறை உண்டு: ஆனோடிக் ஸ்ட்ரிப்பிங் வோல்டாமெட்ரி. பெயர்தான் பயமுறுத்தும், வேலை எளிது. மின்முனையை எதிர் மின்னழுத்தத்தில் சில நிமிடம் வைத்தால், நீரில் அயனியாக அலையும் உலோகம் உலோகமாகவே அதன் மேல் வந்து படியும். பிறகு மின்னழுத்தத்தை நேர்ப்பக்கமாக ஏற்றிக்கொண்டே போனால் ஒவ்வொரு உலோகமும் தனக்குரிய இடம் வந்ததும் கரைந்து வெளியேறும். அந்த நேரத்தில் மின்னோட்டம் ஒரு முகடாக எழும்பும். முகடு எந்த வோல்ட்டில் வருகிறது என்பது யார் என்று சொல்லும். அதன் உயரம் எவ்வளவு என்று சொல்லும். இதன் தாய்முறையான போலரோகிராபியை 1922-இல் கண்டவர் ஹெய்ரோவ்ஸ்கி. அதற்காக 1959-இல் நோபல் பரிசும் பெற்றார். அவர் பயன்படுத்தியது பாதரசத் துளி. நஞ்சைத் தேட இன்னொரு நஞ்சைக் கையில் வைத்துக்கொண்டு பல பத்தாண்டுகள் ஓடின. 2000-இல் பாதரசத்துக்குப் பதிலாகப் பிஸ்மத் என்ற உலோகத்தின் படலம் வந்தது. பாதரசத்தோடு ஒப்பிட்டால் பிஸ்மத்தின் நச்சுத்தன்மை மிகக் குறைவு. அதனால்தான் வீட்டு மேசையில் இந்த வேலையைத் தொடத் துணிந்தேன்.

கருவி விஷயத்தைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். மின்னழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் பொட்டன்சியோஸ்டாட்டை, யாரும் செய்துகொள்ளலாம் என்று வெளியிடப்பட்ட ஒரு திறந்த வடிவமைப்பைப் பார்த்துக் கட்டினேன். 2011-இல் வந்த சீப்ஸ்டாட்டுக்குப் பிறகு இப்படிப் பல வடிவமைப்புகள் கிடைக்கின்றன. ஒப்பீட்டு மின்முனைக்கு ஒரு வெள்ளிக் கம்பியைத் துணி வெளுக்கும் ஹைப்போகுளோரைட் திரவத்தில் அரை மணி நேரம் ஊறவிட்டேன். மேலே கருஞ்சாம்பல் நிறத்தில் வெள்ளி குளோரைடு படிந்தது. பொட்டாசியம் குளோரைடு கரைசல் நிறைத்த சிறு குழாய்க்குள் அதை இறக்கினால் வேலை முடிந்தது. எதிர்முனைக்கு ஒரு கிராஃபைட் குச்சி. இவை எதுவும் தகராறு செய்யவில்லை. தகராறு எல்லாம் கரியில்தான்.

முதலில் எடுத்தது உமி. கிடைக்க எளிது, கருக்கவும் எளிது. ஆனால் உமியின் எடையில் 15 முதல் 20 விழுக்காடு வரை சிலிக்கா. கருக்கியபின் கரிமப் பொருளில் பெரும்பகுதி போய்விடும். சிலிக்கா அப்படியே தங்கும். அதாவது நான் மின்முனைக்குள் திணித்தது ஏறக்குறைய பாதி மணல். மின்முனைகளைச் சோதிக்கப் பயன்படும் ஃபெரிசயனைடு கரைசலில் போட்டுப் பார்த்தபோது, மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கும்போது வரும் இரண்டு முகடுகளுக்கும் நடுவில் இருக்க வேண்டிய இடைவெளி, நல்ல மின்முனை என்றால் 60 மில்லிவோல்ட் அருகில், எனக்கு 400-ஐத் தாண்டியது. காரத்தில் கொதிக்கவைத்துச் சிலிக்காவைக் கரைத்து எடுக்கலாம்தான். அதற்கு வேறு மூலப்பொருளைத் தேடுவதே மேல் என்று உமியை ஒதுக்கினேன்.

அடுத்து நிலக்கடலைத் தோல். சாம்பல் குறைவு, பொடிப்பதும் சுலபம். கரியில் நுண்துளைகளைத் திறக்கும் வேலைக்கு மூன்று வேதிப்பொருள்கள் பேர்போனவை: துத்தநாக குளோரைடு, பாஸ்பாரிக் அமிலம், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு. கையில் துத்தநாக குளோரைடு இருந்ததால் அதையே எடுத்தேன். யோசித்திருந்தால் எடுத்திருக்க மாட்டேன். கன உலோகத்தைத் தேடும் கருவிக்கு உலோக உப்பைப் போட்டுக் கரி செய்வது, காணாமல்போன சாவியைச் சாவிக் குவியலில் தேடுவது போன்றது. வெறும் பஃபர் கரைசலில், அதாவது பி.எச்.-ஐ மாறாமல் வைத்திருக்கும் கரைசலில்கூட மைனஸ் 1.1 வோல்ட் அருகே துத்தநாக முகடு ஒன்று கோபுரம் மாதிரி நின்றது. ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் நான்கு முறை கழுவினேன். கோபுரம் பாதியாகக் குறைந்தது, போகவில்லை. துத்தநாகம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், நான் தேடுவது காரீயம்தானே என்றும் நினைத்துப் பார்த்தேன். ஆனால் மின்முனையின் மேல் துத்தநாகம், நீரில் வரும் செம்போடு சேர்ந்து கலப்புலோகமாகிவிடும். அதன்பின் எந்த முகடு யாருடையது என்ற குழப்பம் வரும். அந்தக் கரியைக் கொட்டிவிட்டேன்.

மூன்றாவது பாஸ்பாரிக் அமிலம். இதுதான் நின்றது என்பதால் செய்முறையை விரிவாகச் சொல்கிறேன். தோலைக் கழுவி, காயவைத்து, மிக்ஸியில் ரவை அளவுக்கு உடைத்தேன். 30 கிராம் தூளுக்கு 85 விழுக்காடு பாஸ்பாரிக் அமிலம் 45 கிராம், கலக்க வசதியாகக் கொஞ்சம் நீர். ஒரு இரவு ஊறவைத்து, 110 டிகிரியில் உலர்த்தினேன். அதற்குள்ளேயே தூள் கறுத்துப் பிசுபிசுத்துவிடும். பயப்பட வேண்டாம், அமிலம் செல்லுலோஸிலிருந்து நீரைப் பிடுங்குகிறது. பிறகு மூடியுள்ள பீங்கான் மூசையில் போட்டு, மண்பாண்டம் சுடும் நண்பரின் மின்சூளையில் 450 டிகிரியில் ஒரு மணி நேரம். இரும்பு டப்பாவில் செய்யக்கூடாது. அமிலம் டப்பாவைத் தின்றுவிடும், இரும்பும் கரிக்குள் வந்துவிடும். புகை காரமாக இருக்கும் என்பதால் சூளை திறந்த வெளியில்தான் இருக்க வேண்டும். முகக்கவசமும் கண்ணாடியும் கையுறையும் போட்டுக்கொண்டுதான் கிட்டே போனேன்.

கழுவுவதுதான் பொறுமையைச் சோதிக்கும். சுடுநீர் ஊற்றி, தெளியவிட்டு, வடித்து, மீண்டும் ஊற்றி, கழுவிய நீரின் பி.எச். 6-ஐத் தொடும்வரை பதினொரு முறை. 30 கிராம் தோலுக்குக் கையில் மிஞ்சியது 12 கிராம் கரி. அதை 75 மைக்ரான் சல்லடையில் சலித்தேன். மெத்திலீன் நீலக் கரைசலில் ஒரு சிட்டிகை போட்டுக் குலுக்கியதும் நீலம் வெளுத்துப்போனது. துளைகள் திறந்திருக்கின்றன என்பதற்கு அந்த ஒரு காட்சி போதும்.

இந்த அமிலம் துளைகளைத் திறப்பதோடு நிற்பதில்லை. கரியின் பரப்பில் கார்பாக்சில், பாஸ்பேட் போன்ற ஆக்சிஜன் கூட்டங்களை விட்டுச்செல்கிறது. நீரில் அவை ஹைட்ரஜன் அயனியை உதறிவிட்டு எதிர்மின்னூட்டம் பெறும். நேர்மின்னூட்டம் கொண்ட காரீய அயனி அங்கே போய் ஒட்டிக்கொள்ளும். எந்தப் பி.எச்.-இல் பரப்பின் மின்னூட்டம் சுழியாகிறது என்று உப்புக் கரைசலில் ஒரு நாள் ஊறவைத்துப் பார்த்தேன்: ஏறக்குறைய 3. அதற்கு மேலே போனால் கரி காரீயத்தை இழுக்கும். ரொம்ப மேலே போனால் காரீயமே ஹைட்ராக்சைடாகத் திரியத் தொடங்கும். எல்லோரும் பயன்படுத்தும் பி.எச். 4.5 அசிட்டேட் பஃபர் ஏன் பொருந்துகிறது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ஒரு குறை உண்டு. 450 டிகிரியில் சுட்ட கரி மின்சாரத்தைச் சரியாகக் கடத்தாது. அதற்கு 700 டிகிரிக்கு மேல் போக வேண்டும். ஆனால் அவ்வளவு சூட்டில் அந்த ஆக்சிஜன் கூட்டங்களில் பெரும்பகுதி உதிர்ந்துவிடும். அதனால் கடத்தும் வேலையைக் கிராஃபைட் தூளுக்கும், பிடிக்கும் வேலையைக் கரிக்கும் பிரித்துக்கொடுத்தேன். இரண்டையும் பாரஃபின் எண்ணெயில் குழைத்தால் கார்பன் பேஸ்ட். 1958-இல் ஆடம்ஸ் என்ற வேதியியலாளர் அறிமுகப்படுத்தியது. இன்றும் இதைவிட எளிய மின்முனை எனக்குத் தெரியாது. நுனியை வெட்டிய 1 மில்லி சிரிஞ்சில் பேஸ்டை அடைத்து, பின்னாலிருந்து ஒரு கம்பி. முகப்பை வழுவழுப்பான தாளில் எட்டுப் போட்டுத் தேய்த்தால் பளபளவென்று வரும். கம்பி செம்பாக இருக்கக்கூடாது. என் முதல் சிரிஞ்சில் பேஸ்ட் விரிசல் விட்டு, கரைசல் உள்ளே கசிந்து, இல்லாத செம்பைக் காட்டியது. இப்போது துருப்பிடிக்காத எஃகுக் கம்பி.

கரி எவ்வளவு சேர்ப்பது? அதிகம் சேர்த்தால் அதிகம் பிடிக்கும் என்று கணக்குப் போட்டு 20 விழுக்காட்டில் ஆரம்பித்தேன். முகடுகளுக்கு அடியில் தட்டையாக ஓட வேண்டிய தளக்கோடு வீங்கி ஒரு மலைபோல எழுந்தது; காரீய முகடு அந்த மலைச்சரிவில் ஒரு சிறு புடைப்பு. காரணம் எளிது. இவ்வளவு உட்பரப்பு கொண்ட கரி மின்னூட்டத்தையும் சேமிக்கும்; சூப்பர் கெபாசிட்டர்களில் செயலூட்டிய கரியைப் போடுவது இதற்காகத்தானே. அங்கே வரமாக இருப்பது இங்கே இரைச்சல். போதாக்குறைக்குப் பேஸ்டும் பொடிந்து உதிர்ந்தது. 10-க்கு இறக்கி, பிறகு 5-க்கு இறக்கினேன். கிராஃபைட் 65, கரி 5, எண்ணெய் 30. இந்த விகிதத்தில் லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் காரீயம் 2.6 மைக்ரோ ஆம்பியர் முகடு கொடுத்தது. கரியே சேர்க்காத பேஸ்ட் 1.1 கொடுத்தது. இரட்டிப்புக்கு மேல். அன்று இரவு வேலை முடிந்துவிட்டது என்றே நினைத்தேன்.

மறுநாள் 100 மைக்ரோகிராம் கரைசலை அளந்துவிட்டு, மின்முனையைக் கழுவி, காரீயமே இல்லாத பஃபரில் வைத்தேன். அங்கேயும் மைனஸ் 0.55 வோல்ட்டில் காரீய முகடு. கணக்குப்படி 20 மைக்ரோகிராம் அளவுக்கு. மறுபடி ஓட்டினேன், 12. மறுபடி, 8. குப்பிதான் அழுக்கு என்று முடிவுகட்டி, எல்லாப் பாத்திரங்களையும் 10 விழுக்காடு நைட்ரிக் அமிலத்தில் ஒரு இரவு ஊறப்போட்டேன். பஃபரைப் புதிதாகக் கலந்தேன். காய்ச்சி வடித்த நீரையே சந்தேகித்து வேறு புட்டி திறந்தேன். நான்கு நாள் போனது. கடைசியில் செய்திருக்க வேண்டிய முதல் சோதனையைச் செய்தேன்: அதே குப்பி, அதே கரைசல், கரி சேர்க்காத வெறும் கிராஃபைட் மின்முனை. கோடு தட்டையாகப் போனது. அழுக்கு வெளியே எங்கும் இல்லை. அது கரியின் ஞாபகம்.

நடப்பது இதுதான் என்று நினைக்கிறேன். நேர்ப்பக்கம் போகும்போது காரீயம் உலோகத்திலிருந்து அயனியாகிறது, முகடு வருகிறது, எல்லாம் சரி. ஆனால் அந்த அயனி கரைசலுக்குத் திரும்பிப் போவதில்லை. பக்கத்துத் துளையில் உட்கார்ந்திருக்கும் கார்பாக்சில் கூட்டம் அதை மறுபடி பிடித்துக்கொள்கிறது. அடுத்த சுற்றில் அதே காரீயம் மீண்டும் உலோகமாகிறது, மீண்டும் முகடு கொடுக்கிறது. வடிகட்டிக்கு இது உத்தமமான குணம்; பிடித்ததை விடாத கரியைத்தான் வடிகட்டியில் தேடுவார்கள். அளக்கும் கருவிக்கோ பிடிக்கவும் தெரிய வேண்டும், கேட்டதும் விடவும் தெரிய வேண்டும். கரியைப் பற்றிப் படித்த கட்டுரைகளில் கிராமுக்கு எத்தனை சதுர மீட்டர், எத்தனை மில்லிகிராம் பிடிக்கும் என்றே பார்த்துக்கொண்டிருந்த எனக்கு, எவ்வளவு வேகத்தில் விடும் என்று கேட்கவே தோன்றவில்லை.

விடவைக்க ஹைட்ரஜன் அயனியையே கூப்பிட வேண்டியிருந்தது. ஒவ்வொரு அளவீட்டுக்கும் பிறகு மின்முனையை 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் இறக்கி, பிளஸ் 0.3 வோல்ட்டில், கலக்கிக்கொண்டே 90 விநாடி. பி.எச். அவ்வளவு கீழே போனதும் கரியின் பரப்பு தன் எதிர்மின்னூட்டத்தை இழக்கிறது, காரீயம் பிடி தளர்ந்து வெளியேறுகிறது. அளக்கும்போது மின்முனையில் படிந்த மீதிப் பிஸ்மத்தும் அதே வேகத்தில் கரைந்துவிடும். இதற்குப் பிறகு வெறும் பஃபரில் முகடு தெரியவில்லை. பத்து அளவீட்டுக்கு ஒருமுறை பேஸ்டை ஒரு மில்லிமீட்டர் வெளியே தள்ளி, பழைய முகப்பைச் சீவி எறிந்துவிட்டுப் புதிதாகத் தேய்த்துக்கொள்கிறேன். சிரிஞ்சில் அடைத்ததன் முழுப் பலன் அப்போதுதான் தெரிகிறது.

இப்போது ஓடும் வரிசை இப்படி: 10 மில்லி மாதிரி நீர், 10 மில்லி அசிட்டேட் பஃபர், லிட்டருக்கு 500 மைக்ரோகிராம் வரும்படி பிஸ்மத். இரண்டு நிமிடம் மின்சாரம் இல்லாமலே கலக்கல். கரி தன் பங்கைச் செய்ய இந்த அவகாசம். அப்புறம் மைனஸ் 1.2 வோல்ட்டில் மூன்று நிமிடம், கலக்கியை நிறுத்தி 15 விநாடி அமைதி, பிறகு சதுர அலையில் மேலேற்றம். மைனஸ் 0.8 பக்கம் காட்மியம், மைனஸ் 0.55 பக்கம் காரீயம். 5 முதல் 60 மைக்ரோகிராம் வரை புள்ளிகள் நேர்கோட்டில் விழுகின்றன. அதற்கு மேல் கோடு வளைகிறது, ஏனென்றால் கரியில் காலியிடம் தீர்ந்துபோகிறது.

ஏழு முறை வெறும் பஃபரை ஓட்டி, அந்த ஏற்ற இறக்கத்தின் மூன்று மடங்கை அந்த நேர்கோட்டின் சரிவால் வகுத்தபோது கண்டறியும் எல்லை காரீயத்துக்கு 3 மைக்ரோகிராம் வந்தது. 10 என்ற வழிகாட்டு அளவுக்கு இது போதுமான இடைவெளி. காட்மியத்துக்கு 2.5. அதன் வழிகாட்டு அளவே 3 என்னும்போது, 'காட்மியம் தெரியவில்லை' என்று இந்தக் கருவி சொன்னால் அதற்கு ஒரு பொருளும் இல்லை. ஆர்செனிக்குக்குத் தங்க மின்முனை போல வேறு ஏற்பாடு தேவை. பாதரசத்தின் முகடு பிஸ்மத்தே கரைந்துபோன பிறகுதான் வர வேண்டும் என்பதால் அதுவும் இதில் கிடைக்காது. எல்லா உலோகத்துக்கும் ஒரே குச்சி என்று யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

நிஜத் தண்ணீருக்கு வந்ததும் புதுத் தொல்லைகள். இரவு முழுக்கப் பித்தளைக் குழாயில் தேங்கிய நீரைக் காலையில் முதல் பிடியாகப் பிடித்தேன். பித்தளையை எளிதாகக் கடைய அதில் கொஞ்சம் காரீயம் சேர்ப்பது வழக்கம். தேங்கிய நீரில் அது கசியும். கூடவே செம்பும் வரும். செம்பு வந்தால் பிஸ்மத்தோடு இடத்துக்குப் போட்டிபோட்டு, காரீய முகட்டை அமுக்கிவிடும். ஒரு துளி நீர்த்த ஃபெரோசயனைடு சேர்த்ததும் செம்பு அதோடு பிணைந்து ஒதுங்கியது, முகடு நிமிர்ந்தது. நீரில் உள்ள கரிமப் பொருள்களும் இப்படி அமுக்கும் என்பதால், தயாரித்துவைத்த கோட்டை வைத்து நேரடியாகக் கணக்கிடவில்லை. அதே மாதிரிக்குள் தெரிந்த அளவு காரீயத்தை மூன்று முறை சேர்த்து, முகடு எப்படி வளர்கிறது என்று பார்த்து, கோட்டைப் பின்னோக்கி நீட்டிக் கண்டுபிடித்தேன். வேலை நான்கு மடங்கு, ஆனாலும் வேறு வழியில்லை. முதல் பிடி நீரில் 14 மைக்ரோகிராம். மூன்று நிமிடம் திறந்துவிட்ட பிறகு பிடித்த நீரில் ஒன்றும் தெரியவில்லை.

அதே முதல் பிடியில் ஒரு பங்கை, நைட்ரிக் அமிலம் சேர்த்துப் பிளாஸ்டிக் புட்டியில் அடைத்து ஆய்வகத்துக்கும் கொடுத்திருந்தேன். கண்ணாடிப் புட்டி என்றால் சுவரே காரீயத்தை ஒட்டவைத்துக்கொள்ளும். உலோகங்களை மிகச் சிறு அளவிலும் அளக்கும் அவர்களுடைய ஐ.சி.பி. நிறைமாலைமானி சொன்னது 11. எனக்கும் அவர்களுக்கும் 3 வித்தியாசம். இரண்டுமே 10-ஐத் தாண்டியதால் முடிவு மாறவில்லை. ஆனால் உண்மை அளவு 8 ஆக இருந்திருந்தால் நான் வீணாக அலறியிருப்பேன். அதனால் இப்போதைக்கு 5-க்குக் கீழே, 15-க்கு மேலே வந்தால் மட்டும் என் கருவியை நம்புகிறேன். நடுவில் வந்தால் ஆய்வகம்.

இதற்கிடையில் மேசைக்கடியில் இருந்த கழிவு ஜாடி நிறைந்துவிட்டது. நான்கு மாதம் அளந்த கரைசலும் கழுவிய அமிலமும் சேர்ந்து இரண்டு லிட்டர். சாக்கடையில் ஊற்ற மனம் வரவில்லை. பத்துப் பங்காக நீர்த்து அளந்துபார்த்ததில் காரீயம் லிட்டருக்கு 180 மைக்ரோகிராம். பி.எச்.-ஐ 5-க்கு உயர்த்தி, மிஞ்சியிருந்த கடலைத் தோல் கரியில் 2 கிராமை உள்ளே போட்டு, கலக்கியை ஓடவிட்டுப் படுக்கப் போனேன். காலையில் தெளிந்த நீரை எடுத்து அதே கரியால் செய்த மின்முனையில் ஓட்டினேன். மைனஸ் 0.55-இல் கோடு தட்டை. அடியில் தங்கிய கறுப்பு வண்டலை வடித்து, காயவைத்து, 'காரீயம் உண்டு' என்று எழுதி ஒட்டிய சிறு டப்பாவில் அடைத்து வைத்திருக்கிறேன். அபாயக் கழிவு வாங்கும் நாள் வரும்போது கொடுக்க வேண்டும்.